பழைய ராணுவ வண்டிக்குக் கதவுக் கைப்பிடியும் பொருத்தமான பூட்டும் தேடுவது எப்படி?

காயலான் கடை வாசலில் நின்று "ஜோங்கா கைப்பிடி இருக்கா?" என்று (ஜோங்கா, நம் ராணுவம் ஓட்டிய பழைய ஜீப் வகை வண்டி) கேட்டால் இரண்டில் ஒரு பதில்தான் வரும். ஒன்று, "இல்லை". இன்னொன்று, குவியலிலிருந்து ஏதோ ஒன்றை உருவி நீட்டி, "இதான் ஜோங்கா, எடுத்துக்க". இரண்டாவது பதில்தான் காசைத் தின்னும். வண்டிப் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள், அளவைச் சொல்லிக் கேளுங்கள். புதிதாக இதில் இறங்குகிறவர்கள் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டாலே பாதி அலைச்சல் மிச்சம்.

முதலில், கையில் இருப்பது ஒரிஜினலா என்று பாருங்கள்

ராணுவ வண்டிக்குக் கதவுப் பூட்டு அவசியமாக இருந்ததில்லை. அவசரத்தில் யார் ஏறினாலும் வண்டி கிளம்ப வேண்டும். இரண்டாம் உலகப்போர்க் கால வில்லிஸ் ஜீப்புக்கு இரும்புக் கதவே கிடையாது. ஆரம்பத்தில் அதற்கு இருந்த இக்னிஷன் சாவியும் எச் 700 என்ற ஒரே எண்தான், எந்த வண்டியின் சாவியும் எந்த வண்டிக்கும் போகும். பிறகு அதையும் எடுத்துவிட்டுச் சாவியில்லாத சுவிட்ச் வைத்தார்கள். ஆகவே ராணுவ ஏலத்தில் வந்த வண்டியின் கதவில் சாவித் துளையோடு ஒரு கைப்பிடி பளபளத்தால், ஏலத்துக்குப் பிறகு ஏதோ ஒரு பட்டறையில் மாட்டியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கைப்பிடியின் அடியில் பழைய துளையை அடைத்து வெல்டிங் வைத்த தடம், பெயின்ட் அடுக்குக்குக் கீழே வேறு வடிவத்தில் ஒரு நிழல், இவை தெரிகிறதா என்று தேடுங்கள். தெரிந்தால், அதே கைப்பிடியைத் தேடி அலைவதில் அர்த்தமில்லை. கதவுக்குள் இருக்கும் லாக்குக்குப் பொருந்துவதைத் தேடினால் போதும்.

கழற்றுவது

உள்பக்கத் தகட்டை எடுத்தால் ஸ்க்ரூ தெரியும். நம் வட சென்னைக் கடல் காற்றில், அதுவும் காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் வருடக்கணக்கில் நின்ற வண்டி என்றால், ஸ்க்ரூவும் தகடும் ஒட்டிப்போயிருக்கும். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு விட்டுவிடுங்கள். சுத்தியல் வேண்டாம். பழைய கைப்பிடிகளில் நிறைய துத்தநாகக் கலவையில் வார்த்தவை, தட்டினால் வளையாது, உடையும். அடியில் லேசாகச் சுரண்டினால் தெரிந்துவிடும்: மஞ்சள் தெரிந்தால் பித்தளை. சாம்பல் நிறமாக இருந்து காந்தமும் ஒட்டாவிட்டால் வார்ப்பு.

அளப்பது

இங்கேதான் நிதானம் வேண்டும். வெர்னியர் (நுணுக்கமாக அளக்கும் கருவி) இல்லையென்றால் தெரிந்த லேத் பட்டறையில் அளந்து தரச் சொல்லுங்கள்.

கைப்பிடியிலிருந்து கதவுக்குள் போகும் சதுரக் கம்பிதான் உயிர். அதன் கனம், கைப்பிடியின் அடித்தட்டிலிருந்து நுனி வரை நீளம், இரண்டு ஸ்க்ரூ துளைகளின் நடுவுக்கு நடு தூரம், இம்மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். கைப்பிடி மேலே திரும்புகிறதா கீழேயா, எவ்வளவு திரும்பினால் லாக் விடுகிறது, இடது கதவா வலது கதவா என்பதையும் சேர்த்துக் குறியுங்கள். ஒரு பக்கத்துக் கைப்பிடி மறுபக்கத்துக்குப் பெரும்பாலும் போகாது. அடித்தட்டின் வடிவத்தை அட்டையில் வைத்து வரைந்து வெட்டிக்கொண்டால், கடையில் பத்துக் கைப்பிடிகளை நொடியில் கழித்துவிடலாம்.

மில்லிமீட்டரா அங்குலமா என்ற குழப்பத்துக்கு வண்டியின் பூர்வீகம் உதவும். ஜோங்கா ஜப்பானின் நிசான் பேட்ரோல் வண்டியின் வடிவம், ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் 1969 முதல் 1999 வரை வந்தது. சக்திமான் லாரி ஜெர்மனியின் மேன் நிறுவன வடிவம். இரண்டும் மில்லிமீட்டர் சாதி. வில்லிஸ் வழி வந்த ஜீப்புகள் அங்குலம். 5/16 அங்குலக் கம்பி 7.94 மி.மீ. என்பதால் 8 மி.மீ. கம்பியோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகும். ஆனால் ஸ்க்ரூ மரையில் இந்தச் சமரசம் நடக்காது. முறுக்கித் திணித்தால் மரை போய்விடும்.

தேடுவது

பழைய வண்டிப் பாகத்துக்கு எல்லோரும் சொல்லும் புதுப்பேட்டை வட சென்னைக்கு வெளியே, எழும்பூரை ஒட்டி இருக்கிறது. போகத்தான் வேண்டும், ஆனால் அங்கேயே தொடங்க வேண்டியதில்லை. மாதவரம் பக்கம் லாரி பட்டறைகளில் பாடி கட்டுகிறவர்கள் எந்தக் கைப்பிடியை எங்கே வாங்குகிறார்கள் என்று விசாரியுங்கள். ஜோங்காவும் சக்திமானும் பார்த்த வயதான டிங்கர் ஒருவர் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஸ்க்ரூ, கம்பி, வாஷர் எல்லாம் பாரிமுனையில் செம்புதாஸ் தெரு, லிங்கிச்செட்டித் தெருவில் பார்த்துக்கொள்ளலாம்.

கடையில் மாதிரியை மேசைமேல் வைத்துவிட்டு, "பாய், 8 எம்எம் சதுரக் கம்பி, ரெண்டு ஓட்டைக்கு நடுவுல இந்த அட்டை அளவு, வலது பக்கம்" என்று கேளுங்கள். கேட்கிற விதத்திலேயே விலை கொஞ்சம் இறங்கும்.

கம்பி மட்டும் நீளம் குறைந்தால் கைப்பிடியை விட்டுவிடாதீர்கள், லேத்தில் புதுக் கம்பி போட்டுத் தருவார்கள். அடித்தட்டில் விரிசல் இருந்தால் மட்டும் தொடாதீர்கள். எதை வாங்கினாலும் பில் கேளுங்கள். பழைய பாகத்தில் திருட்டு வண்டிப் பாகமும் கலந்திருக்கும்.

ஒரே சாவிக்கு இரண்டு கதவையும் கொண்டுவருவது

ஒரே எண்ணுள்ள இரண்டு பூட்டுகளைப் பழைய சந்தையில் தேடுவது வீண் வேலை. சாவித் துளையின் வாய் ஒரே வடிவத்தில் இருக்கும் இரண்டு பேரல் (சாவி நுழைந்து திரும்பும் உருளை) கிடைத்தால் போதும். உங்கள் சாவி அதற்குள் தடையில்லாமல் நுழைகிறதா என்பதுதான் கேள்வி, திரும்புகிறதா என்பதல்ல.

பேரலை வெளியே எடுத்துச் சாவியை நுழைத்தால், சின்னப் பித்தளைத் தகடுகள் சில உள்ளே அடங்கும், சில துருத்தி நிற்கும். துருத்துகிறவற்றை எடுத்துவிட்டு, இன்னொரு பழைய பேரலிலிருந்து வேறு உயரத் தகடுகளைப் போட்டுப் பாருங்கள். எல்லாம் சமமாக அடங்கினால் பூட்டு உங்கள் சாவிக்கு வந்துவிட்டது. வெள்ளைத் துணிமேல் வைத்து வேலை பாருங்கள். ஒவ்வொரு தகட்டுக்கும் கீழே பொட்டு அளவில் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது, பறந்தால் திரும்பக் கிடைக்காது. துருத்தும் தகட்டை அரத்தால் ராவி முடித்துக் கொடுக்கும் சாவிக்காரர்களும் உண்டு. பூட்டு திறக்கும், ஆனால் வேறு சாவிக்கும் திறக்க வாய்ப்பு கூடும்.

மாட்டுவது

கைப்பிடிக்கும் கதவுத் தகட்டுக்கும் நடுவே பழைய டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் வையுங்கள். தண்ணீர் இறங்காது, இரண்டு உலோகமும் நேராக உரசி அரிக்காது. கைப்பிடிக்குப் பச்சை அடிக்க ஆசையிருந்தால் கைப்பிடியோடு நிறுத்துங்கள், வண்டிக்கு வேண்டாம். ராணுவத்தினுடையதல்லாத வண்டிக்கு ஆலிவ் பச்சை அடிக்க மத்திய மோட்டார் வாகன விதி 121 இடம் தராது.

மாட்டியவுடன் கதவைச் சாத்திவிடாதீர்கள். கதவு திறந்திருக்கும்போதே லாக்கின் நாக்கை ஸ்க்ரூ டிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளி, வெளிக் கைப்பிடி, உள் கைப்பிடி, சாவி மூன்றாலும் அது விடுகிறதா என்று பாருங்கள். மூன்றும் சரியாக வேலை செய்த பிறகு சாத்துங்கள். சாவித் துளைக்குள் கிரீஸ் வேண்டாம், தூசியைப் பிடித்துக்கொள்ளும். கிராஃபைட் பொடி கொஞ்சம் ஊதிவிட்டால் போதும்.