அறுபதாம் பக்கத்தைத் திறவுங்கள்

அறிவியல் புனைகதையோ மாயாஜால நாவலோ, வாங்கும் முன் நண்பர்களிடம் “நல்லா இருக்கா?” என்று கேட்காதீர்கள். “எந்தப் பக்கத்தில் மூடி வைத்தாய்?” என்று கேளுங்கள். எங்கள் செட்டில் ஒரு தம்பி ஜிகர்தண்டாவை உறிஞ்சிக்கொண்டே ஒரு தடிமனான நாவலை ஆஹா ஓஹோ என்று புகழ்ந்தான். இந்தக் கேள்வியைப் போட்டதும், “நாப்பதாவது பக்கம்ணே, ராஜாக்க பேரே மனசுல நிக்கல” என்று வழிந்தான்.

அப்புறம், மதுரை புதுநத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலோ தமுக்கம் புத்தகத் திருவிழாவிலோ புத்தகத்தைக் கையில் எடுத்தால், முதல் பக்கத்தை நம்பாதீர்கள். அதை எழுதியவர் பத்து முறை இழைத்திருப்பார். அறுபதாம் பக்கத்திலிருந்து இரண்டு பக்கம் படியுங்கள். “உனக்குத்தான் தெரியுமே, நம் கிரகத்துக்கு மூன்று நிலவுகள்” என்று இரண்டு பாத்திரங்கள் இருவருக்கும் தெரிந்ததையே பேசிக்கொண்டிருந்தால், பேசாமல் திரும்ப வைத்துவிடலாம். மந்திரக் கதையென்றால், மந்திரம் போட்டவனுக்கு அதனால் ஏதாவது நட்டம் வருகிறதா என்று பாருங்கள். கோலை ஆட்டினால் எல்லாம் தீரும் என்றால் பதற்றம் எங்கிருந்து வரும்?

அட்டையில் விருது போட்டிருந்தால், ஒரு விஷயம். 1953-இல் தொடங்கிய ஹியூகோ, உலக அறிவியல் புனைகதை மாநாட்டு உறுப்பினர்கள் வாக்களித்துத் தருவது. அதில் ரசிகர்களே அதிகம். நெபுலா, அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கத்தார் தருவது. எனக்குக் கதை ஓடவேண்டும், அதனால் முதலில் ஹியூகோ பக்கம்தான் கை போகும்.