மழைக்கு முன் கோல்ஃப் திடல்: நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செப்டம்பர் பிறந்துவிட்டால் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் கோல்ஃப் திடல்களில் இலையுதிர் காலப் பராமரிப்பு தொடங்கிவிடும். மண் இறுக்கம் போகத் துளையிடுவார்கள், விதை தூவுவார்கள், குளிரைத் தாங்குவதற்கென்று உரம் போடுவார்கள். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், குளுவாங் போன்ற தோட்டப்புற ஊர்களில், துரைமார் காலத்து ஒன்பது குழித் திடல்களைப் பார்த்துக்கொள்ளும் நம்மவர்களில் சிலரும் அதே அட்டவணையை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். பல தவறுகளுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. அவர்கள் குளிருக்கு முந்திக்கொள்கிறார்கள். நாம் முந்திக்கொள்ள வேண்டியது மழைக்கு. வடகிழக்குப் பருவமழை நவம்பரிலிருந்து மார்ச் வரை நீடித்தாலும், ஜொகூரில் டிசம்பரும் ஜனவரியும்தான் ஆளை உலுக்கும் மாதங்கள். 2006 டிசம்பரில் வந்த வெள்ளத்தை இந்த வட்டாரத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆகவே பெரிய வேலைகளுக்கு நமக்குக் கிடைப்பது செப்டம்பரும் அக்டோபரின் முற்பகுதியும்தான். அதைத் தவறவிடுவது முதல் தவறு. ஆண்டிறுதிப் போட்டி இருக்கிறது, கிரீனில் (பந்து விழும் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில்) ஓட்டை போடக்கூடாது என்று கிளப் நிர்வாகம் சொல்லும். தீபாவளிக்கு ஆட்கள் விடுப்பில் போவார்கள். வேலை டிசம்பருக்குத் தள்ளிப்போகும். மண் ஊறிக் கிடக்கும்போது துளையிடும் இயந்திரத்தின் ஊசி இறங்கினால் துளையின் சுவர் வழுவழுவென்று மூடிக்கொள்ளும். இயந்திரத்தின் எடையே மண்ணை மேலும் இறுக்கிவிடும். இறுக்கத்தைப் போக்கப் போய் இறுக்கத்தைக் கூட்டியதாக முடியும். நல்ல வெயிலும் ஓரளவு ஈரமும் இருக்கும் நாட்களில் செய்தால் இரண்டு மூன்று வாரங்களில் புல் மூடிக்கொள்ளும். போட்டித் தேதியை முடிவு செய்யும் கூட்டத்திலேயே இதைப் பேசிவிடுங்கள்.

துளையிட்ட பிறகு நடப்பதில்தான் எனக்கு வருத்தம் அதிகம். 12 மில்லிமீட்டர் தடிமனுள்ள குழல் ஊசியை 50 மில்லிமீட்டர் இடைவெளியில் இறக்கினால், ஒரு சுற்றில் கிரீனின் பரப்பில் ஏறத்தாழ 4.5 விழுக்காடு மட்டுமே திறக்கிறது. அவ்வளவு சிறிய பரப்பைத் திறக்க இத்தனை பாடுபட்டுவிட்டு, துளைகளை மணலால் முழுமையாக நிரப்பாமல் மேலே மட்டும் கொஞ்சம் தூவிவிட்டுப் போகிறார்கள். வெளியே வந்த மண்துண்டுகளை அங்கேயே நசுக்கிவிடுவதும் உண்டு. பழைய களிமண்ணும் மக்காத தண்டுகளும் அப்படியே திரும்ப உள்ளே போய்விடும். துண்டுகளை வாரி அப்புறப்படுத்துங்கள். மணல் காய்ந்திருக்க வேண்டும், துளையின் அடிவரை இறங்க வேண்டும்.

எந்த மணல் என்பது அதைவிட முக்கியம். வீடு கட்ட வந்த மணலில் மிச்சம் இருக்கிறது என்று கிரீனில் கொட்டுவதைப் பார்த்தால் மனம் பதைக்கிறது. அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960-இல் வெளியிட்டு, பின்னர் திருத்தி வந்த கிரீன் கட்டுமான முறையில், மணல் கலந்த வேர்மண் 30 சென்டிமீட்டர், அதன் கீழே சரளைக்கல் 10 சென்டிமீட்டர். அந்த வேர்மண்ணில் குறைந்தது 60 விழுக்காடு 0.25 முதல் 1 மில்லிமீட்டர் வரையிலான மணலாக இருக்க வேண்டும். உங்கள் கிரீன் அப்படிக் கட்டப்படாமல் பழைய மண்மேடாக இருந்தாலும் கண்ட மணலையும் போடக்கூடாது என்பதற்குக் காரணம் ஒன்றுதான்: நுண்ணிய மண் அடுக்கின் கீழே பருமணல் அடுக்கு இருந்தால், மேலடுக்கு முழுக்க ஊறும்வரை தண்ணீர் கீழே இறங்காது. ஆண்டுக்கு ஒரு மணல் வாங்கிப் போட்டவர்களின் கிரீனில் கத்தியால் வெட்டிப் பாருங்கள், அடை அடையாக வரிகள் தெரியும். வேர் அந்த வரிகளிலேயே நின்றுவிடும். மணலை வாங்குமுன் ஒரு கைப்பிடியைக் கண்ணாடிப் போத்தலில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். வெகுநேரம் கலங்கலாகவே இருந்தால் வண்டல் அதிகம், லாரியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

விதை தூவுவது நமக்குத் தேவையே இல்லை. அமெரிக்காவின் தென்பகுதியில் குளிரில், நம் கிரீன்களிலும் உள்ள பெர்முடா புல் பழுப்பாகி உறங்கிவிடுவதால், பச்சைக்காக ரை புல்லை மேலே விதைக்கிறார்கள். நம் ஊரில் பெர்முடா உறங்குவதில்லை. மேலும் 1965-இல் வெளியான டிஃப்ட்வார்ஃப் போன்ற கிரீன் வகைகள் மலட்டுக் கலப்பினங்கள், அவற்றுக்கு விதையே கிடையாது. தண்டை நட்டுத்தான் பரப்ப வேண்டும். பெர்முடா நம் அருகம்புல்லின் இனம்தானே. 'அருகு போல் வேரோடி' என்று வாழ்த்துகிறோமே, அந்த வேரோடும் குணத்தை நம்பினாலே போதும்.

வாய்க்காலுக்கு வருகிறேன். மழைக்கு முன் வடிகாலைத் தூர்வார வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் திடலுக்குள் இருக்கும் வாய்க்காலை மட்டும் பளிச்சென்று வைத்துவிட்டு, அது போய்ச் சேரும் செம்பனைத் தோட்டத்து வாய்க்காலைப் பார்க்காமல் விடுகிறார்கள். அங்கே வெட்டிப்போட்ட மட்டைகள் அடைத்துக்கொண்டிருந்தால் உங்கள் தண்ணீர் எங்கே போகும்? மழை கொட்டிய இரவில் திரும்பி வந்து, கிரீனுக்குப் போகும் புல்வெளிப் பாதையான ஃபேர்வேயில் நிற்கும். தூர்வாருவதைக் கடைசி முனையிலிருந்து தொடங்கி மேலே வாருங்கள். தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் செப்டம்பரிலேயே நேரில் போய்ப் பேசுங்கள். கடிதம் அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் மழை முந்திக்கொள்ளும். வாரிய சேற்றை வாய்க்கால் ஓரத்திலேயே குவிக்காதீர்கள், முதல் மழையிலேயே உள்ளே சரிந்துவிடும். தேங்கிய தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்கும் இடம் கொடுக்கும் என்பதையும் சேர்த்து நினையுங்கள்.

மழை மாதங்களில் வெட்டும் உயரத்தைக் குறைத்தே வைத்திருப்பது இன்னொரு தவறு. மேகமூட்டத்தில் வெளிச்சம் குறைவு, பெர்முடாவுக்கோ நிழல் ஆகவே ஆகாது. ஒட்ட வெட்டினால் புல் மெலிந்து, வெற்றிடத்தில் பாசி படரும். கொஞ்சம் உயர்த்துங்கள், பந்து சற்று மெதுவாக உருளும் என்று விளையாட வருபவர்களிடம் சொல்லிவிடுங்கள். உரத்தில் ஒரு வார்த்தை: செம்பனைக்கு வந்த பெரிய மணி உரத்தைக் கிரீனுக்குக் கொண்டு வராதீர்கள், விழுந்த இடமெல்லாம் புள்ளி புள்ளியாகக் கருகும். கனமழைக்கு முதல் நாள் போட்ட யூரியா வாய்க்காலுக்குத்தான் போகும். சிறிய அளவாகப் பிரித்துப் போடுங்கள்.

கடைசியாகக் களை. சம்பாவ் புல், அதாவது கேழ்வரகின் காட்டு உறவு, மிதிபட்டு இறுகிய மண்ணில்தான் செழிக்கும். கிளைபோசேட் என்ற களைக்கொல்லிக்கு அடங்காத சம்பாவ் 1997-இலேயே இந்த நாட்டில் கண்டறியப்பட்டது. எனவே பாதையோரத்தில் மருந்து கேட்கவில்லை என்று அளவைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை. பாராகுவாட் என்ற இன்னொரு களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் மலேசியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய மருந்து ஸ்டோரில் மிச்சம் இருக்கிறது என்று யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். தோட்டங்களில் மருந்து தெளித்து உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்களில் நம் பெண்கள் எத்தனையோ பேர். கையுறை, கண்ணாடி, முகமூடி எதுவும் இல்லாமல் தோளில் மருந்துத் தோம்பைத் தூக்கிவிட்டு அனுப்பும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருப்பது வேதனையாக இருக்கிறது. கிரீனில் சம்பாவ் தலைகாட்டினால், கதிர் விடுமுன் சிறு கத்தியால் வேரோடு தோண்டி எடுக்கச் சொல்லுங்கள். அந்தக் குழியில் அதே கிரீனுக்கு வாங்கிய மணலைப் போட்டு அமுக்கிவிட்டால், நாலாபுறமும் உள்ள பெர்முடா ஓடி வந்து மூடிக்கொள்ளும்.