நுரையீரல் புற்றுநோய்: மரபணு ரிப்போர்ட்டைச் சுற்றி நடக்கும் தவறுகள்

புற்றுநோய்ப் பிரிவுக்குப் புதிதாக வரும் இளம் டாக்டர்கள், அவர்களுக்கு முன்னால் வந்தவர்கள் செய்து ஓய்ந்த அதே பிழைகளைத்தான் மறுபடி செய்கிறார்கள். படிவத்தில் பெயர் மாறுவது, சாம்பிளை அனுப்ப மறப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடலாம். அவை எப்படியும் யார் கண்ணிலாவது பட்டுவிடும். கண்ணில் படாமலே நோயாளியின் மாதங்களைத் தின்னும் தவறுகள்தான் கவலை தருபவை. இங்கே பேசுவது நான்காம் நிலையில் இருக்கும், சிறுசெல் வகை அல்லாத நுரையீரல் புற்றுநோயைப் பற்றி.

பிடி-எல்1 வந்துவிட்டது என்று இம்யூனோதெரபியைத் தொடங்குவது

பிடி-எல்1 என்பது புற்றுநோய்ச் செல்லின் மேல் இருக்கும் ஒரு புரதம்; அது அதிகமாக இருந்தால், உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் இம்யூனோதெரபி கேட்க வாய்ப்பு கூடுதல். அதைப் பார்க்கும் சாயப் பரிசோதனைக்குச் சில நாள் போதும். கட்டியை வளர்க்கும் மரபணு மாற்றம் எது, அதற்கு எந்த மாத்திரை என்று காட்டும் மரபணுப் பரிசோதனைக்கு இரண்டு மூன்று வாரம் ஆகிவிடும். இந்த இடைவெளியில்தான் ஆபத்து நுழைகிறது.

புகையே பிடிக்காத ஒரு பெண், அடினோகார்சினோமா (சுரப்பிச் செல்களில் தோன்றும் வகை), பிடி-எல்1 80% என்று வைத்துக்கொள்வோம். மூச்சிரைக்கிறது. "ஏதாவது சீக்கிரம் ஆரம்பிங்க டாக்டர்" என்று வீட்டார் கெஞ்சுகிறார்கள். இம்யூனோதெரபி ஆன்டிபாடியான பெம்ப்ரோலிசுமாப் 200 மி.கி. ஏற்றப்படுகிறது. பதினைந்தாம் நாள் மரபணு ரிப்போர்ட் வருகிறது: இஜிஎஃப்ஆர் மரபணுவில் எக்ஸான் 19 என்ற பகுதியில் நீக்கம். மறுநாளே அந்த மாற்றத்தைக் குறிவைக்கும் ஆசிமெர்ட்டினிப் 80 மி.கி. மாத்திரை. மூன்று நான்கு வாரத்தில் வறட்டு இருமல். நாலு படி ஏறினால் ஆக்சிஜன் 88-க்கு இறங்குகிறது. சிடி ஸ்கேனில் இரண்டு நுரையீரலிலும் பனிமூட்டம் போல வெண்மை. தொற்று என்று நினைத்து ஆன்டிபயாடிக் கொடுத்ததில் இன்னும் சில நாள் போய்விடுகிறது. உண்மையில் அது நியூமோனைட்டிஸ், மருந்தால் வந்த நுரையீரல் அழற்சி. ஸ்டீராய்டு தொடங்கி, மாத்திரையை நிறுத்த வேண்டியதாகிறது. அவருக்கு மிக நன்றாகக் கேட்டிருக்க வேண்டிய மருந்து அந்த ஒரே மாத்திரைதான்.

ஏறிய ஆன்டிபாடியை யாராலும் திரும்ப எடுக்க முடியாது. பாதி கழியவே மூன்று வாரம் ஆகும். எதிர்ப்புச் சக்திக்கான டி செல்களின் மேல் அது மாதக்கணக்கில் ஒட்டியிருக்கும். 2019-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், இம்யூனோதெரபி முடித்து 3 மாதத்துக்குள் ஆசிமெர்ட்டினிப் தொடங்கிய 21 பேரில் 5 பேருக்குக் கடுமையான பக்கவிளைவு வந்தது. வரிசையை மாற்றி, ஆசிமெர்ட்டினிப் முதலில் எடுத்த 29 பேரில் ஒருவருக்கும் வரவில்லை.

சரி, இந்த ஆபத்துக்கு ஈடாகப் பலனாவது கிடைக்கிறதா? அதுவும் இல்லை. அதே 2019-இல் வந்த இம்யூனோடார்கெட் பதிவேட்டில், இம்யூனோதெரபி மட்டும் பெற்றவர்களில் கட்டி சுருங்கியது இஜிஎஃப்ஆர் மாற்றம் உள்ளவர்களில் 12% பேருக்கு. ஏஎல்கே என்ற இன்னொரு மரபணுவில் மாற்றம் உள்ளவர்களில் ஒருவருக்குக்கூட இல்லை. இந்தக் கட்டிகளில் பிடி-எல்1 எண் பெரிதாக இருப்பதை நம்பி இறங்கக் கூடாது.

காத்திருக்கவே முடியாத நிலையா? பயாப்ஸி அன்றே பிளாஸ்மா பரிசோதனைக்கு (ரத்தத்தில் கலந்த கட்டியின் டிஎன்ஏவைத் தேடுவது) ரத்தம் எடுத்து அனுப்புங்கள்; அது பெரும்பாலும் திசு ரிப்போர்ட்டை முந்திக்கொண்டு வரும். ஏஎல்கே சாயமும், இஜிஎஃப்ஆரை மட்டும் விரைவாகப் பார்க்கும் பிசிஆர் பரிசோதனையும் சில நாளில் கிடைக்கும். மூச்சிரைப்பு நெஞ்சுநீரால் என்றால் நீரை வடித்து, அதிலுள்ள செல்களையே மெழுகில் பதித்து (செல் பிளாக்) பரிசோதனைக்கும் அனுப்பலாம். ஃபோலிக் ஆசிட், பி12 இரண்டையும் அன்றைக்கே தொடங்கிவிட்டால், தேவைப்படும்போது பிளாட்டினம், பெமெட்ரெக்செட் கீமோவின் முதல் சுற்றை மட்டும் கொடுத்து நாள் வாங்கலாம். மரபணு மாற்றம் இல்லையென்று உறுதியானால் இரண்டாம் சுற்றிலிருந்து இம்யூனோதெரபியைச் சேர்த்துக்கொள்ளலாம். மூன்று வாரம் தள்ளிச் சேர்ப்பதைச் சமாளிக்கலாம். முன்னால் ஏற்றிவிட்டதைச் சமாளிப்பது கடினம்.

துண்டையெல்லாம் சாயத்திலேயே தீர்ப்பது

ஊசி பயாப்ஸித் துண்டு நூல் போல இருக்கும். அடினோகார்சினோமாவா, ஸ்குவாமஸ் என்ற இன்னொரு வகையா என்று பிரிக்க டிடிஎஃப்-1, பி40 இரண்டு சாயம் பெரும்பாலும் போதும். பத்து சாயம் போட்டுப் பார்த்தால் டிஎன்ஏ எடுக்கத் திசு மிஞ்சாது. மெழுகில் பதித்த துண்டை (பிளாக்) மறுபடி மறுபடி மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் ஏற்றினால் ஒவ்வொரு முறையும் முகப்பைச் சமன்படுத்துவதிலேயே கொஞ்சம் வீணாகிறது. முதல் முறை வெட்டும்போதே சாயமிடாத சீவல்களையும் சேர்த்து எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

எலும்பிலிருந்து எடுத்த துண்டு

வலுவான அமிலத்தில் சுண்ணாம்பு நீக்கினால் டிஎன்ஏ சிதைந்துவிடும். அமிலத்துக்குப் பதில், மென்மையாகச் சுண்ணாம்பு நீக்கும் இடிடிஏ கரைசல் கேளுங்கள்.

"கண்டறியப்படவில்லை" என்பதை "இல்லை" என்று படிப்பது

பிளாஸ்மா ரிப்போர்ட் வெறுமையாக வந்தால், கட்டி தன் டிஎன்ஏவை ரத்தத்தில் போதுமான அளவு விடவில்லை என்பதாகவும் இருக்கலாம். நோய் நெஞ்சுக்குள்ளோ மூளையிலோ மட்டும் இருந்தால் இப்படி அடிக்கடி ஆகும். திசுவைப் பார்க்காமல் அந்தக் கோப்பை மூடாதீர்கள். திசு ரிப்போர்ட்டில் "சாம்பிள் போதவில்லை" என்றிருந்தால் பரிசோதனையே நடக்கவில்லை என்று பொருள். வார்டு குறிப்பில் அது "நெகட்டிவ்" என்று ஏறிவிட்டால், அடுத்து வரும் டாக்டர் அதை அப்படியே நம்பிவிடுவார்.

இஜிஎஃப்ஆர் மட்டும் கேட்பது

ஏஎல்கே, ஆர்ஓஎஸ்1, ஆர்இடி, என்டிஆர்கே, பிராஃப் வி600இ, மெட் எக்ஸான் 14, ஹெர்2, கேராஸ் ஜி12சி ஆகிய மரபணு மாற்றங்கள் எல்லாவற்றுக்கும் இன்று மருந்து உண்டு. ஒவ்வொன்றாகக் கேட்டால் திசுதான் தீரும். பல மரபணுக்களை ஒரே முறையில் படிக்கும் என்ஜிஎஸ் பேனலாகக் கேளுங்கள். டிஎன்ஏவை மட்டும் படிக்கும் பேனல், இரண்டு மரபணு ஒட்டிக்கொள்ளும் இணைவுகளில் சிலவற்றைத் தவறவிடும். ஒன்றும் கிடைக்காதபோது, முக்கியமாக நோயாளி புகைக்காதவர் என்றால், ஆர்என்ஏ பரிசோதனையும் வேண்டும்.

"இஜிஎஃப்ஆர் பாசிட்டிவ்" என்பதோடு நிறுத்துவது

எந்த எக்ஸான்? 19 நீக்கத்துக்கும் எல்858ஆர் மாற்றத்துக்கும் கேட்கும் மாத்திரை, எக்ஸான் 20 செருகலுக்குப் பெரும்பாலும் கேட்காது. அதற்கு அமிவன்டமாப் என்ற ஆன்டிபாடி மருந்து போன்ற வேறு வழி பார்க்க வேண்டும்.

புகைப்பவர் என்று விட்டுவிடுவது

கேராஸ் ஜி12சி பெரும்பாலும் புகைத்தவர்களிடம்தான் கிடைக்கிறது. அதனால் புகைப்பவருக்கும் பரிசோதனை வேண்டும்.

நோய் திரும்ப வளரும்போது பழைய ரிப்போர்ட்டைப் புரட்டுவது

மாத்திரைக்கு அடங்கியிருந்த கட்டி மறுபடி தலைதூக்கினால் அது பழைய கட்டி அல்ல. மெட் மரபணுவின் நகல்கள் பெருகியிருக்கலாம், மாத்திரையைத் தடுக்கும் சி797எஸ் என்ற புதிய இஜிஎஃப்ஆர் மாற்றம் வந்திருக்கலாம். சிலருக்குச் சிறுசெல் புற்றுநோயாகவே உருமாறியிருக்கும். அந்த உருமாற்றத்தை ரத்தத்தில் உறுதிசெய்ய முடியாது. வளரும் இடத்திலிருந்தே மறுபடி ஒரு துண்டு எடுத்து, மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்க்க வேண்டும்.