டவுன்ஹால் பக்கத்து வீதியொன்றின் நினைவுகளைப் பதிவு செய்ய

கோவை டவுன்ஹாலைச் சுற்றி நடந்தால் கோனியம்மன் கோயில், அத்தார் ஜமாத் பள்ளிவாசல், தூய மிக்கேல் பேராலயம் மூன்றையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம். வீடுகளுக்குள் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் மார்வாடியும் புழங்குகின்றன. இங்கே "ஊர் வரலாறு" தேடிப் போனால், முதலில் பேசக் கிடைத்தவரின் வரலாறே ஊர் வரலாறாகிவிடும். ஒரே ஒரு வீதியை எடுங்கள். பத்துப் பேர், அவர்களில் பாதி பெண்கள், குறைந்தது நான்கு வீட்டு மொழிகள் என்று முதலிலேயே எழுதி வையுங்கள். வாடகைக் குடித்தனக்காரர்களும் தள்ளுவண்டிக்காரர்களும் பட்டியலில் இருக்கட்டும். எப்போதும் விடுபடுகிறவர்கள் அவர்கள்தான்.

முதல் சந்திப்பில் போனை வெளியே எடுக்காதீர்கள். எதற்குப் பதிவு, யார் கேட்பார்கள், பிடிக்காத பகுதியை நீக்கச் சொல்லலாம் என்பதை அவர்கள் மொழியில் சொல்லுங்கள். சம்மதத்தைக் கையெழுத்தாகவும், பதிவின் தொடக்கத்தில் குரலாகவும் வாங்குங்கள்.

நல்ல போனும் காலர் மைக்கும் போதும். மைக் தாடைக்கு ஒரு சாண் கீழே இருக்கட்டும். சேலைத் தலைப்பு உரசினால் பேச்சு முழுக்கச் சரசரக்கும். வீதிப் பக்கத்து முன்னறையை விட்டு உள்ளறையில் உட்காருங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ வேவ் கோப்பு மணிக்கு ஏறக்குறைய 320 எம்.பி. பிடிக்கும், 2 ஜி.பி. காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நிமிடம் பதிந்து, ஹெட்போனில் கேட்ட பிறகே தொடங்குங்கள்.

"அந்தக் காலம் எப்படிங்க இருந்துச்சு?" என்றால் "நல்லா இருந்துச்சுங்க" என்பதோடு பேச்சு நின்றுவிடும். "மில் சங்கு ஊதுனா ஊட்டுல யாருங்க மொதல்ல எந்திரிப்பாங்க?", "தேரன்னிக்குக் கடை தொறப்பீங்களா?" என்று பொருளையும் வேலையையும் பிடித்துக் கேளுங்கள். ஆண்டு கேட்காதீர்கள், தவறாகத்தான் வரும். அவசரநிலைக்கு (1975) முன்னாலா பின்னாலா, ஈரோடு தனி மாவட்டமானதற்கு (1979) முன்னாலா, எம்.ஜி.ஆர். மறைந்தபோது (1987) எங்கே குடியிருந்தீர்கள் என்று கேட்டால் காலம் பிடிபடும். பார்த்ததையும் கேள்விப்பட்டதையும் குறிப்பில் பிரித்து எழுதுங்கள். பிளேக் மாரியம்மன் கோயில்களின் பெயரில் இருக்கும் கொள்ளைநோயைப் பற்றி இன்று கிடைப்பதெல்லாம் கேள்விப்பட்டதுதான், அதற்கும் மதிப்புண்டு.

உருதுவிலோ கன்னடத்திலோ பேசுகிறவர் முழுக்கப் பேசி முடிக்கட்டும். பேத்தி இடையிடையே தமிழில் சுருக்கிச் சொன்னால், பாட்டியும் சுருக்கத் தொடங்கிவிடுவார். மொழிபெயர்ப்பு பிறகு. இருவர் மாற்றிச் சொன்னால் இரண்டையும் வையுங்கள்.

1997 கலவரத்தையும் 98 குண்டுவெடிப்பையும் நீங்களாகக் கேட்காதீர்கள். அவர்களாகப் பேச்செடுத்தால் அறையில் மூன்றாவது ஆள் வேண்டாம். நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்துங்கள். பிறர் பெயர் வரும் பகுதியைப் பொதுவில் விடாமல் பூட்டி வையுங்கள்.

பழைய படங்களை வாட்ஸ்அப்பில் வாங்கினால் சுருங்கிப் போகும். 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து. ஸ்டுடியோ முத்திரையும் தேதியும் அங்கேதான் இருக்கும்.

அன்றிரவே இரண்டு ஹார்டு டிஸ்கில் நகலெடுங்கள், ஒன்று வேறொரு வீட்டில் இருக்கட்டும். கோப்புக்கு ஆள் பெயர் வேண்டாம். தேதி, வீதி, வரிசை எண் போதும். எழுத்தாக்கும்போது "ஊட்டுல" என்றால் "ஊட்டுல" என்றே எழுதுங்கள். ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். ஒரு மாதத்துக்குள் அச்செடுத்துப் போய்ப் படித்துக் காட்டுங்கள். விட்டுப்போனது அப்போதுதான் நினைவுக்கு வரும் என்பதால் போனில் சார்ஜ் இருக்கட்டும்.