மேக்னம் ரிவால்வரில் .38 போட்டுப் பழகுங்கள்

என்னிடம் இருப்பது ரூகர் ஜிபி100 ரிவால்வர். நாலு அங்குலக் குழல், ஆறு தோட்டா, எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். குழலில் .357 மேக்னம் என்று தோட்டாவின் பெயர் பொறித்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு, கடையில் எடுத்துக் கொடுத்த இரண்டு பெட்டி மேக்னம் தோட்டாவோடு அன்றைக்கே சுட்டுப் பழகும் ஓர் உள்ளரங்கு ரேஞ்சுக்குப் போனேன். மூடிய அறைக்குள் மேக்னத்தின் சத்தம் நெஞ்சில் இடிக்கும். இரண்டாவது சுற்றிலேயே கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுக்க ஆரம்பித்துவிட்டேன். ஏழு கஜத்தில் தொங்கிய தாளில் என் குண்டுகள் எல்லாம் இடது கீழ் மூலையில் கிடந்தன.

இதற்கு ஃபிளிஞ்ச் என்று பெயர். வெடிக்கப்போகிறது என்று உடம்புக்குத் தெரிந்ததும், வெடிப்பதற்கு முன்பே மணிக்கட்டு துப்பாக்கியைக் கீழே தள்ளிவிடுகிறது. ஒரே நாளில் ஒட்டிக்கொண்ட இந்தப் பழக்கத்தை விரட்ட எனக்கு ஏழெட்டு மாதம் ஆனது. என் மகளுக்கு இப்படி ஆகக் கூடாது என்று அவளுக்கு முதல் நாளிலிருந்தே .38 ஸ்பெஷல்தான் கொடுத்தேன். எனக்கும் வழி காட்டியது அந்தத் தோட்டாதான். அமெரிக்காவில் ஃபீனிக்ஸுக்கு வடக்கே இருக்கும் பென் ஏவரி ரேஞ்சில், பக்கத்து பெஞ்சில் இருந்த ஒரு வயதான அம்மா என் தவிப்பைப் பார்த்துவிட்டு, தன் பெட்டியிலிருந்து ஆறு தோட்டாவை எடுத்து நீட்டினார். "உன் துப்பாக்கியில் இதுவும் போகும்" என்றார். எனக்கு அதுவரை அது தெரியாது.

ஏன் போகும்? .38 ஸ்பெஷல் 1898ஆம் ஆண்டுத் தோட்டா. 1935இல் அதே கூட்டை, அதாவது மருந்தை வைத்திருக்கும் உலோக உறையை, நீளமாக்கித்தான் .357 மேக்னம் செய்தார்கள். .38இன் கூடு 29.3 மில்லிமீட்டர், மேக்னத்தின் கூடு 32.8. பெயரில் .38 என்று இருந்தாலும் குண்டின் விட்டம் இரண்டுக்கும் ஒன்றே, அங்குலத்தில் .357 அல்லது .358. கூட்டின் அடியில் இருக்கும் விளிம்பும் ஒரே அளவு. தோட்டாவை அறைக்குள், அதாவது சுழலும் உருளையான சிலிண்டரின் துளைக்குள், சரியான ஆழத்தில் நிறுத்துவது அந்த விளிம்புதான், கூட்டின் வாய் இல்லை. அதனால் கூடு மூன்றரை மில்லிமீட்டர் குட்டையாக இருந்தாலும் பின்பக்கம் சரியாக உட்காரும், சுத்தியும் சரியாக அடிக்கும். சிலிண்டரைச் சுற்றுவது நம் விரல். தானியங்கிப் பிஸ்டலைப் போல அடுத்த தோட்டாவை ஏற்ற உதைப்பின் பலம் இதற்குத் தேவையில்லை. மருந்து மெதுவாக வெடித்தாலும் சிலிண்டர் சுற்றும்.

மறுபக்கமாக யோசிக்காதீர்கள். .38 துப்பாக்கியில் .357 போடக் கூடாது. கூட்டை நீளமாக்கியதே, பழைய .38களில் அது நுழையாமல் இருப்பதற்காகத்தான். .38 ஸ்பெஷலுக்கு அனுமதித்த அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு. மேக்னத்துக்கு 35,000. இரண்டு மடங்குக்கும் மேல். 1890களில் அமெரிக்க ராணுவத்துக்காக கோல்ட் செய்த சில .38 ரிவால்வர்களில் அறையை நேராகத் துளைத்திருப்பார்கள், அவற்றில் மேக்னம் உள்ளே போய்விடும். "உள்ளே போகிறதே" என்பது ஒருபோதும் அனுமதி ஆகாது. குழலில் என்ன பொறித்திருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

தொடங்குவதற்கு முன் நம்மவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். அமெரிக்காவில் எச்1பி, எஃப்1 மாதிரி குடியேற்றமில்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. ரேஞ்சில் வாடகைக்கு எடுப்பதும், நண்பரிடம் வாங்கி ஒரு ரவுண்டு சுட்டுப் பார்ப்பதும் அதில் அடங்கும். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கு இந்தத் தடை இல்லை. வார இறுதியில் விருந்தாளியை ரேஞ்சுக்குக் கூட்டிப் போகும் முன் அவருடைய விசாவைக் கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தாலும் கேளுங்கள்.

சரி, கடையில் என்ன வாங்குவது? பெட்டியில் ".38 ஸ்பெஷல்" என்று முழுப் பெயரும் இருக்க வேண்டும். .38 எஸ் அண்ட் டபிள்யூ, .38 சூப்பர் எல்லாம் வேறு வேறு தோட்டாக்கள், எண் ஒன்றாக இருப்பதால் ஏமாறாதீர்கள். புதியவருக்கு நான் தருவது 148 கிரெய்ன் வாட்கட்டர். கிரெய்ன் என்பது குண்டின் எடையளவு. தட்டையான முகம், கூட்டின் வாயோடு வாயாக உள்ளே அமுங்கியிருக்கும் குண்டு. இலக்குச் சுடும் போட்டிகளுக்காகவே உருவானது. தாளில் பஞ்ச் போட்ட மாதிரி வட்டமாக ஓட்டை விழும், எங்கே பட்டது என்று தள்ளி நின்றே தெரியும். உதைப்பு மிகக் குறைவு. அது கிடைக்காவிட்டால் 130 அல்லது 158 கிரெய்ன் சாதாரண .38 போதும். பிளஸ் பி என்று போட்ட பெட்டி கொஞ்சம் கூடுதல் அழுத்தம் உள்ளது. மேக்னம் ரிவால்வர் அதைச் சுலபமாகத் தாங்கும், ஆனால் பழகுவதற்கு அது வேண்டாம்.

ஒரே 158 கிரெய்ன் குண்டை .38 நொடிக்கு ஏறத்தாழ 750 அடி வேகத்தில் அனுப்பும். மேக்னம் 1,200 அடியைத் தாண்டும். அது ஒலியின் வேகத்தை விட அதிகம், மேக்னத்தின் கூர்மையான சத்தத்தில் அதற்கும் பங்கு உண்டு. வேகமும் எடையும் மாறினால் படும் இடமும் மாறும். பொதுவாக லேசான குண்டு கீழே படும், கனமானது மேலே படும். ஆகவே புதுப் பெட்டி வாங்கினால் முதல் ஆறைத் தாளில் சுட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு குறிபார்க்கும் சைட்டைத் திருப்புங்கள்.

சுடும்போது காதுக்கும் கண்ணுக்கும் காப்பு கட்டாயம், .38 ஆனாலும். சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவில் இருக்கும் இடுக்கிலிருந்து சுடு வாயு பக்கவாட்டில் பாயும். இடது கட்டைவிரல் அங்கே முன்னால் நீளக் கூடாது. என் மகளுக்கு முதல் அரை மணி நேரம் இதை மட்டும்தான் காலித் துப்பாக்கியில் காட்டினேன். பொறுமை இழந்து, "அம்மா, எப்பதான் சுடுறது?" என்றாள். விரல் சரியாக உட்கார்ந்த பிறகுதான் தோட்டாவைக் கொடுத்தேன்.

மென்மையான தோட்டாவில் கவனிக்க வேண்டியது ஸ்குவிப். மருந்து குறைவாக இருந்தோ சரியாக எரியாமலோ குண்டு குழலிலேயே சிக்கிக்கொள்வது. .38 சுடும்போது எப்போதும் உதைப்பு குறைவுதான் என்பதால் இது தெரியாமல் போக வாய்ப்பு அதிகம். "டப்" என்று மந்தமாகக் கேட்டால், அல்லது தாளில் புது ஓட்டை இல்லை என்றால், விரலை எடுங்கள். இன்னொரு முறை விசையை இழுக்கவே கூடாது. முப்பது நொடி இலக்கைப் பார்த்தபடியே பிடித்திருந்து, சிலிண்டரைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு, குழல் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். சிலிண்டர் திறக்கவில்லை என்றால் குண்டு பாதி வழியில் மாட்டியிருக்கலாம். வலுக்கட்டாயம் செய்யாமல் ரேஞ்ச் அதிகாரியைக் கூப்பிடுங்கள்.

கூடுகளை வெளியே தள்ளும்போது குழல் வானத்தைப் பார்க்கட்டும், சிலிண்டரின் முன்னால் நீட்டியிருக்கும் தண்டை உள்ளங்கையால் ஒரே அடியாக அடியுங்கள். மெதுவான தோட்டாக்களில் எரியாத மருந்துத் துகள் நிறைய மிஞ்சும். அது கூடுகளை வெளியே தள்ளும் நட்சத்திர வடிவ எக்ஸ்ட்ராக்டரின் அடியில் போய் உட்கார்ந்தால் சிலிண்டர் இறுகிப்போகும். ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ் பையில் வைத்திருங்கள்.

இனி இந்த விஷயத்தின் உண்மையான விலை. குட்டைக் கூட்டின் வாய் அறைக்குள் முன்னாலேயே முடிந்துவிடுகிறது. அதற்கு அடுத்த மூன்றரை மில்லிமீட்டரில் கரியும் ஈயமும் வளையமாகப் படியும். .38 மட்டும் சுடும் வரை அது தெரியாது. மேக்னம் போடும் அன்றைக்குத்தான் தெரியும். தோட்டா பாதியில் நிற்கும், கட்டைவிரலால் அழுத்த வேண்டியிருக்கும். அப்படி அழுத்திப் போட்டால் கூட்டின் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறலாம், சுட்ட கூடு அறையிலேயே ஒட்டிக்கொள்ளும். அழுத்திப் போடாதீர்கள். ஒரே நாளில் இரண்டும் சுடுவதாக இருந்தால் மேக்னத்தை முதலில் சுட்டுவிட்டு .38க்கு வாருங்கள். புதியவர் கூட இருந்தால் அது முடியாது, ஆகவே சுத்தம் செய்வதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

வீட்டில் நான் செய்வது இது. ஜன்னலைத் திறந்து வைத்து, கையுறை போட்டு, சிலிண்டரின் ஒவ்வொரு அறையிலும் ஹாப்பீஸ் நம்பர் 9 என்ற துப்பாக்கி சுத்தம் செய்யும் திரவத்தைத் தடவிப் பத்து நிமிடம் ஊறவிடுவேன். பிறகு வெண்கலப் பிரஷ். குழலுக்கான .38 பிரஷ் அறைக்குத் தளர்வாக இருக்கும், வளையம் அசையாது. .40 அளவு பிரஷ் இறுக்கமாகப் போய்ச் சுரண்டிவிடும். பின்பக்கத்திலிருந்து நுழைத்து, சுழற்றிச் சுழற்றி இருபது தடவை. பிறகு துணியால் துடைத்துவிடுவேன். சுட்டுத் தீர்ந்த காலி மேக்னம் கூடுகளை வைத்துச் சோதிக்காதீர்கள், அவை விரிந்திருக்கும். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள், வளையம் கருப்பாகவோ சாம்பல் நிறமாகவோ தெரியும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது. ஈயம் விளையாட்டில்லை.

துப்பாக்கியின் ஆயுளுக்கும் .38 நல்லது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 19 என்று 1955இல் வந்த லேசான .357 ரிவால்வர் இருக்கிறது. போலீஸ்காரர்கள் பயிற்சிக்கு .38, பணிக்கு மேக்னம் என்று அதை வைத்திருந்த காலம் உண்டு. அதன் குழலின் பின்வாய் அடியில் தட்டையாக, சன்னமாக இருக்கும். 125 கிரெய்ன் முழு மேக்னத்தையே தொடர்ந்து சுட்டதில் அங்கே விரிசல் விட்டது. அந்தத் துப்பாக்கி உங்களிடம் இருந்தால் பெரும்பாலும் .38 சுடுங்கள்.

ஃபிளிஞ்ச் போக எனக்கு உதவிய பயிற்சி இது. கூட வந்தவர் உங்களுக்குத் தெரியாமல் சிலிண்டரில் மூன்று .38, ஒரு மேக்னம், இரண்டு சுட்ட கூடு போட்டு, சுற்றிவிட்டு மூட வேண்டும். எது வரும் என்று தெரியாமல் விசையை மெல்ல இழுங்கள். சுட்ட கூட்டின் மேல் சுத்தி விழும்போது குழல் முனை கீழே துள்ளினால், குற்றவாளி உங்கள் மணிக்கட்டு. துள்ளாமல் நிற்கும் வரை சிலிண்டர் முழுக்க மேக்னம் போடாதீர்கள். மகள் எனக்குச் சிலிண்டர் நிரப்பித் தருவாள், நான் அவளுக்கு.

.44 மேக்னம் வைத்திருப்பவர் .44 ஸ்பெஷல் போடலாம், .327 ஃபெடரல் மேக்னத்தில் .32 எச் அண்ட் ஆர் மேக்னமும் .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங்கும் போகும். அங்கேயும் வளையம் படியும், அங்கேயும் அறைக்குப் பொருத்தமான பிரஷ் வேண்டும். எங்கள் வீட்டில் .38 பெட்டிகளில் பச்சை டேப், மேக்னத்தில் சிவப்பு டேப் ஒட்டி, தனித்தனி அலமாரியில் பூட்டி வைக்கிறோம்.