போத்தலுக்கு வெளியே இருக்கும் வாவி: ஆய்வு செய்யும் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மத்தியானம் கல்லடிப் பாலத்தடியில் வாவித் தண்ணீரை ஒரு சோடாப் போத்தலில் அள்ளி, பையில் வைத்து, பஸ் ஏறி ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்து, மறுநாள் காலை அதில் கரைந்திருந்த ஒட்சிசனை அளந்தார் ஒரு மாணவி. வந்த எண்ணுக்கு மேலே 'மட்டக்களப்பு வாவியின் ஒட்சிசன் அளவு' என்று தலைப்புப் போட்டார். அந்தப் பிள்ளை சோம்பேறி இல்லை. இரண்டு பஸ் மாறி, உச்சி வெயிலில் நின்று எடுத்த தண்ணீர் அது. ஆனால் அவர் அளந்தது, பாதி காற்றோடு இரவு முழுக்கப் பையில் கிடந்த ஒரு போத்தலை.

இறுதியாண்டு ஆய்வு செய்யும் மாணவர்களோடு பல வருடம் வேலை செய்திருக்கிறேன். தண்ணீர், இரத்தம், இலைச்சாறு, சாம்பல் என்று பொருள் மாறும். தவறு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் நடக்கும். கையில் இருக்கும் மாதிரி எங்கிருந்து, எந்த நேரத்தில், யாரிடமிருந்து வந்தது என்பதை மறந்துவிடுகிறோம். மருத்துவம், பொருளறிவியல், சுற்றாடல் மூன்றிலும் நான் கண்ட தவறுகளை இங்கே எழுதுகிறேன்.

தண்ணீரில் இருந்தே தொடங்குவோம். ஒட்சிசன் அளப்பதற்கென்று கண்ணாடி மூடியுள்ள போத்தல் இருக்கிறது. அதை நீருக்குள் அமிழ்த்தி, ஒரு குமிழிகூட இல்லாமல் நிரப்ப வேண்டும். மாங்கனீசு சல்பேற்றையும் காரம் கலந்த அயடைட்டையும் அந்த இடத்திலேயே, தோணியில் இருந்தபடியே, குழாயை நீர்மட்டத்துக்குக் கீழே விட்டுச் சேர்க்க வேண்டும். மூடித் தலைகீழாகப் புரட்டினால் உள்ளே மண்ணிறமாக ஒரு வீழ்படிவு புகைபோலப் பரவும். ஒட்சிசன் கூடினால் நிறம் கடுமையாகும். ஒட்சிசனே இல்லையென்றால் வெள்ளையாகவே நிற்கும். முதல் தடவை இதைப் பார்க்கும் பிள்ளைகள் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒட்சிசன் அப்படிக் கட்டுப்பட்ட பிறகுதான் போத்தலை நிழலில் வைத்துக் கொண்டுவரலாம்.

சரி, சரியாகவே எடுத்தோம். எத்தனை மணிக்கு? பகலில் பாசியும் நீர்த்தாவரமும் ஒட்சிசனை விடும், இரவில் எல்லா உயிரும் அதை எடுக்கும். அதனால் பின்னேரத்தில் அளவு ஏறி நிற்கும், விடியுமுன் மிகக் குறைந்துவிடும். மீன் செத்து மிதக்கிற செய்தி பெரும்பாலும் விடிகாலையில் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். மத்தியானம் மட்டும் அளந்துவிட்டு 'வாவி ஆரோக்கியமாக இருக்கிறது' என்று எழுதக்கூடாது. மாதமும் அப்படித்தான். மாரியில் வெள்ளம் வந்து பாலமீன்மடுப் பக்கம் முகத்துவாரம் திறந்திருக்கும்போது உள்ள உப்பு வேறு. மணல் மூடிய கோடையில் உள்ள உப்பு வேறு. ஆகஸ்டில் எடுத்த ஆறு போத்தலை வைத்துக்கொண்டு ஒரு வருடத்துக்குப் பேச முடியாது. வாவியில் தோணி ஓட்டுகிறவர் யாரையாவது முதலில் கேளுங்கள். எந்த மாதம் எந்த இடத்தில் தண்ணீர் கரிக்கும் என்று அவர் சொல்வதை வைத்தே மாதிரி எடுக்கும் திட்டத்தைப் பாதி போட்டுவிடலாம்.

இன்னொன்றையும் இதோடு சொல்ல வேண்டும். ஒரே போத்தலில் இருந்து மூன்று தடவை அளந்துவிட்டு 'மாதிரிகள் மூன்று' என்று எழுதுகிறார்கள். கருவியும் கையும் நடுங்கவில்லை என்பதை மட்டும்தான் அது காட்டும். வாவியைப் பற்றி அது ஒரு மாதிரிதான். ஒரு குளத்துக்கு உரம் போட்டு, ஒரு குளத்தைச் சும்மா விட்டு, ஒவ்வொன்றிலும் இருபது போத்தல் எடுத்தாலும் உங்களிடம் இருப்பது இரண்டு குளம்தான், நாற்பது இல்லை. ஹேர்ல்பேர்ட் என்ற சூழலியலாளர் 1984இலேயே இதைப் பற்றி விரிவாக எழுதி, அந்தக் காலத்துச் சஞ்சிகைக் கட்டுரைகள் பலவற்றில் இந்தத் தவறு இருப்பதைக் காட்டினார். இன்றும் நடக்கிறது.

உமிச் சாம்பல் எல்லாம் ஒன்றல்ல

அம்பாறையில் உமிக்குப் பஞ்சமில்லை. நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. அந்த உமியை எரித்தால் மறுபடி அதில் ஐந்தில் ஒரு பங்களவு சாம்பல் வரும், அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. சீமெந்தில் கலக்கலாம், தண்ணீரைச் சுத்திகரிக்கப் பார்க்கலாம், இன்னும் எத்தனையோ. அதனால் வருடாவருடம் யாராவது ஒரு மில்லுக்குப் பின்னால் குவிந்திருக்கும் சாம்பலை ஒரு பை அள்ளிக்கொண்டு வருவார்கள்.

எத்தனை பாகையில் எரிந்த சாம்பல் என்று கேட்டால் பதில் இருக்காது. கேள்வியோ முக்கியமானது. ஏறத்தாழ 600 பாகை செல்சியசுக்குள் பக்குவமாக எரித்தால் சிலிக்கா உருவமற்றதாக இருக்கும். சீமெந்தோடு சேர்ந்து வேலை செய்வது அதுதான். 800 பாகையைத் தாண்டிக் கனநேரம் எரிந்தால் அது படிகமாக மாறத் தொடங்கும். படிகச் சிலிக்கா சீமெந்தில் மந்தமாகக் கிடக்கும். நுண்தூளாகச் சுவாசத்தில் போனால் நுரையீரலைத் தழும்பாக்கும். புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியதும் இதைத்தான். உமிக் குவியலிலோ உள்ளே ஒரு சூடு, வெளியே ஒரு சூடு. கறுப்பும் சாம்பலும் இளஞ்சிவப்புமாக ஒரே கைப்பிடிக்குள் மூன்று பொருள் இருக்கும். 'உமிச் சாம்பல் சேர்த்தோம், பலம் கூடியது' என்று எழுதினால் அதை இன்னொருவர் செய்து பார்க்கவே முடியாது. எரித்த வெப்பநிலை, நேரம், அரைத்த நுண்மை மூன்றையும் எழுதுங்கள். எழுதும் முன் அதை அரைக்கும் பிள்ளைக்கு நல்ல முகக்கவசம் கொடுங்கள். தூசு பறக்க வெறும் முகத்தோடு சலித்த மாணவர்களைப் பார்த்திருக்கிறேன், மனம் கேட்கவில்லை.

பொருளில் கலந்திருக்கும் அழுக்கு உலகத்தையே ஏமாற்றியதும் உண்டு. 2023 ஜூலையில் தென்கொரியக் குழு ஒன்று எல்கே-99 என்ற பொருள் அறை வெப்பநிலையிலேயே மின்தடை இல்லாமல் மின்சாரத்தைக் கடத்துகிறது என்று அறிவித்தது. சில வாரங்களுக்குள் பல நாட்டு ஆய்வுகூடங்கள் அதைச் செய்து பார்த்தன. ஏறத்தாழ 104 பாகையில் மின்தடை திடீரென்று விழுந்ததற்குக் காரணம் கலப்படமாக உள்ளே இருந்த செம்புச் சல்பைட்டு என்று தெரியவந்தது. அவர்கள் பார்த்த மாற்றம் உண்மையானது. ஆனால் அது வேறொரு பொருளுடைய மாற்றம்.

தட்டில் செத்த பற்றீரியா

வேம்பு, குப்பைமேனி, துளசி. இலையை எதனோலில் ஊறவைத்து, பற்றீரியா வளரும் தட்டில் குழி தோண்டி ஊற்றி, சுற்றிவரத் தெளிந்த வட்டத்தை அடிமட்டத்தால் அளப்பது எல்லாருக்கும் பிடித்த பரிசோதனை. அதில் முதல் தவறு, இலை இல்லாத வெறும் எதனோலைப் பக்கத்துக் குழியில் ஊற்றாமல் விடுவது. அந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் பற்றீரியாவைக் கொன்றது இலையா எதனோலா என்று தெரியாது. இரண்டாவது, தட்டில் செத்ததை மருந்து என்று எழுதுவது. துணி வெளுக்கும் திரவமும் தட்டில் பற்றீரியாவைக் கொல்லும், அதை யாரும் குடிப்பதில்லை.

மஞ்சளைப் பாருங்கள். அதிலுள்ள குர்குமின் பற்றி ஆயிரக்கணக்கான கட்டுரைகள் வந்திருக்கின்றன. 2017இல் மருந்து வேதியியலாளர் சிலர் எல்லாவற்றையும் அலசிப் பார்த்தார்கள். குர்குமின் தானே ஒளிர்கிறது, எதனோடும் ஒட்டுகிறது, சீக்கிரம் சிதைகிறது. ஆகவே ஆய்வுகூடச் சோதனைகளில் வேலை செய்வதுபோலப் பொய்யாகக் காட்டுகிறது என்று எழுதினார்கள். நம் சமையலில் மஞ்சளின் இடம் இதனால் குறையப்போவதில்லை. ஆனால் பாட்டி சொன்னது என்பதற்காகச் சோதனையைத் தளர்த்தக்கூடாது. அதேநேரம் பாட்டி சொன்னதைப் பெயர் சொல்லாமல் எடுத்துக்கொள்ளவும் கூடாது. 1995இல் மஞ்சள் காயத்தை ஆற்றும் என்பதற்கு அமெரிக்காவில் காப்புரிமையே கொடுத்தார்கள். இந்தியாவின் அறிவியல் ஆய்வுக் கழகம் பழைய நூல்களைக் காட்டி வாதாடியது, 1997இல் அது ரத்தானது. உங்களுக்கு ஒரு வைத்தியர் பச்சிலையைக் காட்டித் தந்தால் அவருடைய அறிவும் உங்கள் ஆய்வின் ஒரு பகுதி. அவர் சம்மதித்தால் பெயரோடு எழுதுங்கள்.

ஒரே ஒரு குற்றவாளியைத் தேடுவது

அம்பாறை மாவட்டத்தில் தெகியத்தகண்டி, மகாஓயாப் பக்கம் சிறுநீரக நோயால் குடும்பங்கள் படுகிற பாடு சின்னதில்லை. நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ இல்லாமலே வரும் இந்த நோய் 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்தது. புளோரைட்டு, வன்நீர், கட்மியம், ஆசனிக்கு, பீடைநாசினி, வெயிலில் நீர் வற்றிய உடம்பு என்று ஒவ்வொரு குழுவும் ஒவ்வொன்றைச் சொன்னது. கிளைபோசேட் என்ற களைநாசினியும் வன்நீரும் உலோகமும் சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுக்கலாம் என்று 2014இல் ஒரு கட்டுரை வந்தது. கருதுகோள் என்றுதான் அது சொன்னது. மறுவருடம் நாட்டில் கிளைபோசேட்டுக்கே தடை வந்தது; 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தினார்கள். நோய்க்கு ஒரே காரணம் இதுதான் என்று இன்றுவரை உறுதியாகவில்லை, பல காரணங்கள் சேர்ந்திருக்கலாம் என்பதே பொதுவான எண்ணம்.

நோயுள்ள ஊரின் கிணற்றில் ஒரு பொருள் கூட இருந்தால் அதுதான் காரணம் என்று பிள்ளைகள் உடனே முடிவுகட்டுகிறார்கள். நோயில்லாத பக்கத்து ஊரின் கிணற்றையும் அதே மாதத்தில் அளந்தீர்களா? அந்த மக்கள் அதே வயலில் அதே வெயிலில் நிற்பவர்களா? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் இல்லாமல் 'காரணம்' என்ற சொல்லை எழுதாதீர்கள். உங்கள் கட்டுரையைப் பார்த்து ஒரு தாய் பிள்ளைக்குக் கொடுக்கும் தண்ணீரை மாற்றுவார், காசு கொடுத்துப் போத்தல் தண்ணீர் வாங்குவார்.

கையெழுத்து வாங்கினால் சம்மதமா?

வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு ஊருக்கு மாணவர்களோடு இரத்த மாதிரி எடுக்கப் போயிருந்தேன். மருத்துவ மாதுவும் ஜீ.எஸ். என்கிற கிராம சேவகரும் முன்னமே சொல்லிவைத்ததால் நாற்பது பேர் வரிசையில் இருந்தார்கள். ஒரு வயதான அம்மா, சேலைத் தலைப்பை வாயில் கவ்விக்கொண்டு கையை நீட்டினார். ஊசி எடுத்து, பஞ்சை வைத்து அழுத்தியதும் கேட்டார்: "எனக்கு என்ன வருத்தம் எண்டு எப்ப மனே சொல்லுவீங்க?"

படிவத்தில் அவருடைய பெருவிரல் அடையாளம் இருந்தது. 'இது சிகிச்சை அல்ல' என்ற வரியும் அதில் இருந்தது. ஒரு மாணவன் அதை முழுக்க வாசித்துக் காட்டியும் இருந்தான், மொழிபெயர்ப்புத் தமிழில், ஒரே மூச்சில். அவருக்கு அதில் ஒரு சொல்லும் போய்ச் சேரவில்லை. வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள் இரத்தம் எடுத்தால் மருந்து வரும் என்றுதான் அவர் நம்பினார். அன்றைக்கு அவருக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. என் வேலையில் என்னை அதிகம் வருத்திய நாள் அது.

மனிதரில் ஆய்வு செய்வதற்கான ஹெல்சிங்கிப் பிரகடனம் 1964இல் வந்தது. 2024இல் அதைத் திருத்தியபோது, ஆய்வுக்கு உட்படுபவர் என்ற சொல்லை எடுத்துவிட்டு, பங்கேற்பவர் என்று மாற்றினார்கள். அந்த அம்மா பங்கேற்றாரா? ஜீ.எஸ். சொன்னதால் வந்தவருக்கு மறுக்க இடம் இருந்ததா? இப்போது நான் பிள்ளைகளிடம் சொல்வது இதுதான்: படிவத்தை மூடிவைத்துவிட்டுப் பேசுங்கள். பேசிவிட்டு, "நாங்கள் என்ன செய்யப் போகிறோம் என்று நீங்க சொல்லுங்க அம்மா" என்று கேளுங்கள். அவர் தன் சொல்லில் திருப்பிச் சொன்ன பிறகு கையெழுத்து வாங்கலாம். அதிகாரிகள் பக்கத்தில் நிற்காத நேரத்தில், வீட்டுத் திண்ணையில், வேண்டாம் என்று சொல்லக்கூடிய இடத்தில் கேளுங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதியை மாதிரி எடுப்பதற்கு முன் வாங்குங்கள். எடுத்த பிறகு எந்தக் குழுவும் தராது, தரவும் கூடாது. மிஞ்சிய இரத்தத்தை வேறொரு ஆய்வுக்கு எடுப்பதென்றால் அதையும் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும்.

இந்தக் கரையில் இதற்கு ஒரு பழைய வலியும் உண்டு. 2004 சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. அதன் பிறகு எத்தனையோ பேர் வினாக்கொத்தோடு வந்தார்கள். அதே கேள்வி, அதே இழப்பு, மறுபடி மறுபடி. கேட்டுவிட்டுப் போனவர்களில் பலர் முடிவைச் சொல்லத் திரும்பி வரவில்லை. ஒரு ஊருக்குப் போகுமுன், அங்கே முன்பு யார் என்ன கேட்டார்கள் என்று விசாரியுங்கள். பதில் ஏற்கெனவே கிடைக்குமென்றால் அந்த மக்களை மறுபடி தொந்தரவு செய்ய வேண்டாம்.

நட்டுவிட்டுப் போவது, ஊற்றிவிட்டுப் போவது

சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கரையோரம் எங்கும் கண்டல் நட்டார்கள். நல்ல மனதோடுதான் நட்டார்கள். 2017இல் வெளியான ஓர் ஆய்வு நட்ட இடங்களுக்குத் திரும்பப் போய்ப் பார்த்தது. ஏறத்தாழ 1000 முதல் 1200 ஹெக்டேயரில் 200 முதல் 220 ஹெக்டேயர்தான் தேறியிருந்தது. பார்த்த 23 இடங்களில் ஒன்பதில் ஒரு கன்றுகூட இல்லை. எந்த மட்டத்து நிலத்தில் எந்த இனம் நிற்கும் என்று பார்க்காமல், கைக்குக் கிடைத்ததைக் கண்ட இடத்தில் நட்டதும், நட்ட பிறகு கவனிக்காததும் காரணங்கள். கன்று நடும் நாளில் படம் எடுப்பவர்கள் மூன்றாம் வருடமும் வந்து எண்ண வேண்டும். அந்த எண்ணிக்கைக்கான காசையும் திட்டத்திலேயே கேளுங்கள்.

ஆய்வுகூடக் கழிவும் இதே விடயம்தான். வாவியின் மாசை அறிய இரசாயன ஒட்சிசன் கேள்வி, அதாவது நீரிலுள்ள அழுக்கை இரசாயன முறையில் ஒட்சியேற்ற எவ்வளவு ஒட்சிசன் தேவை என்ற அளவை எடுப்பார்கள். வழமையான முறையில் அதற்குப் பாதரச உப்பும் குரோமியமும் வேண்டும். அளந்து முடித்ததும் மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றிக் குழாயைத் திறந்துவிட்டால் அது எங்கே போகும்? தனிப் போத்தலில் சேர்த்துப் பெயர் ஒட்டி வையுங்கள். சிறிய குப்பியில் செய்யும் முறை இருந்தால் அதையே எடுங்கள், கழிவு பல மடங்கு குறையும்.

சின்னதாக இன்னும் இரண்டு. கணினி எழுதித் தரும் உசாத்துணைப் பட்டியலை நம்பாதீர்கள். இல்லாத கட்டுரையை இருப்பதுபோல அழகாக எழுதித் தருகிறது. ஒவ்வொன்றையும் திறந்து வாசித்த பிறகே சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், வரைபில் ஒத்துவராத புள்ளியை அழிக்காதீர்கள். அன்றைக்கு என்ன நடந்தது என்று கொப்பியைப் புரட்டிப் பாருங்கள். மழை பெய்திருக்கலாம், முகத்துவாரம் வெட்டியிருக்கலாம்.

அந்த அம்மாவிடம் ஆறு மாதம் கழித்துப் போனோம். ஆய்வில் கண்டதை ஒரு பக்கத்தில், பெரிய எழுத்தில், பேசுகிற தமிழில் எழுதிக் கொண்டுபோனோம். அவருடைய பேரப்பிள்ளை அதை வாசித்துக் காட்டினாள். இரண்டாம் வரியில் மறித்து, "இது என்ர ரத்தமா, எல்லாற்ற ரத்தமுமா?" என்று கேட்டார். எல்லாருடையதும் சேர்ந்தது என்று சொன்னோம். "அப்ப என்ர எது?" என்றார். அவருடையதைத் தனியாக எழுதிய தாளை மருத்துவ மாதுவிடம் கொடுத்து, கிளினிக் போகும் திகதியையும் அதில் குறித்துவைத்திருந்தோம். அதை எடுத்து அவர் கையில் கொடுத்தோம்.