இரும்பிலும் துத்தநாகத்திலும் அடித்த காசுகள்: முதல் உலகப் போர்க்கால நாணயங்களைச் சேர்க்கத் தொடங்குபவர்களுக்கு

ஜெர்மனியின் 10 ஃபெனிக் (மார்க்கின் நூறில் ஒரு பங்கு ஒரு ஃபெனிக்) நாணயத்தை மூன்று உலோகங்களில் வாங்குவதிலிருந்து தொடங்குங்கள். 1890 முதல் செம்பு-நிக்கல் கலவையில் அடிக்கப்பட்டு வந்த அந்தக் காசு, 1916-இல் இரும்பிலும் 1917-இல் துத்தநாகத்திலும் வெளிவந்தது. மூன்றின் விட்டமும் 21 மில்லிமீட்டர்தான், மதிப்பும் ஒன்றே. முக்கியமாக மாறியது உலோகம்தான். பிரிட்டிஷ் கடற்படையின் முற்றுகையால் வெளியிலிருந்து உலோக வரத்து குறைந்துபோக, கையிருப்பில் இருந்த நிக்கல் கவச எஃகுக்கும் செம்பு தோட்டா உறைகளுக்கும் போயிற்று. மக்களோ வெள்ளிக் காசுகளைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். மூன்று காசுகளையும் அருகருகே வைத்தால் இந்த நெருக்கடி முழுவதும் உள்ளங்கையிலேயே தெரியும். விலையும் அதிகமில்லை என்பதால், அரிய காசுகளைத் தேடி அலையும் ஆசையை முதல் சில மாதங்களுக்கு ஒத்திவையுங்கள்.

முதற்படி: காந்தமும் தராசும்

வணிகர்களிடம் கலப்புக் காசுகளை மொத்தமாக வாங்கினால் இரும்பும் துத்தநாகமும் ஒரே சாம்பல் நிறத்தில் கலந்துதான் வரும். நூறாண்டுப் பழமையில் இரண்டும் கறுத்திருப்பதால் கண்ணால் பிரிப்பது கடினம். சிறிய காந்தம் ஒன்றைக் காட்டினால் இரும்பு ஒட்டிக்கொள்ளும், துத்தநாகம் அசையாது. செம்பு-நிக்கல் காசும் ஒட்டாது. ஆனால் அதன் வெண்மையே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். 1916 முதல் 1918 வரை வந்த அலுமினிய 1 ஃபெனிக் எடையில் ஒரு கிராமுக்கும் குறைவு. கையில் வைத்தால் காசு வைத்த உணர்வே வராது. அதனால் கிராமின் நூறில் ஒரு பங்குவரை காட்டும் சிறு மின்தராசு ஒன்று அவசியம். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் ஒன்றும் வாங்கிவிட்டால் கருவிச் செலவு முடிந்தது.

இரண்டாம் படி: எழுத்தைப் படித்தல்

காசில் ஒற்றை எழுத்து இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். காசை அடித்த நாணயச்சாலையை அது குறிக்கும்: ஏ (A) என்றால் பெர்லின், டி (D) என்றால் மியூனிக், இ (E) என்றால் முல்டன்ஹ்யூட்டன், எஃப் (F) என்றால் ஸ்டுட்கார்ட், ஜி (G) என்றால் கார்ல்ஸ்ரூ, ஜே (J) என்றால் ஹாம்பர்க். ஒரே ஆண்டு, ஒரே மதிப்புள்ள காசிலும் இந்த எழுத்தைப் பொறுத்து அரிதும் விலையும் மாறும். துத்தநாக 10 ஃபெனிக்கில் எழுத்தே இல்லாத காசுகள் மிகுதியாகக் கிடைக்கும். எழுத்துத் தேய்ந்துவிட்டது என்று நினைத்து அவற்றை ஒதுக்கிவிடாதீர்கள்.

மூன்றாம் படி: எல்லைக்கு வெளியே

ஜெர்மன் வரிசை கைவசமானதும், ஆக்கிரமிக்கப்பட்ட நாடுகளின் காசுகளுக்குப் போகலாம். பெல்ஜியத்தில் போருக்கு முன்பு 5, 10, 25 சாந்தீம் காசுகளின் நடுவில் துளை இருந்தது. 1915 முதல் ஆக்கிரமிப்பு நிர்வாகம் அதே மதிப்புகளைத் துளையில்லாத துத்தநாகத் தகடாக வெளியிட்டது. இன்னும் சுவையானவை, கிழக்கு முனையில் ஜெர்மானியர் பிடித்த பகுதிகளுக்காக 1916-இல் பெர்லினிலும் ஹாம்பர்க்கிலும் அடித்த 1, 2, 3 கோபெக் (ருஷ்யச் சில்லறை) இரும்புக் காசுகள்: ஒருபுறம் ஜெர்மன் வாசகம், மறுபுறம் சிலுவை வடிவத்துக்குள் ருஷ்ய எழுத்தில் மதிப்பு. ஆள்பவர் ஒருவர், காசைப் புழங்குபவர் வேறொருவர் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் பொருளை நான் பார்த்ததில்லை. போரில் சேராத டென்மார்க், நார்வே, ஸ்வீடன் நாடுகளும் ‘ஓரே’ (öre) என்னும் தம் சில்லறைக் காசுகளை இரும்பில் அடிக்க நேர்ந்ததால், பற்றாக்குறை நடுநிலை நாடுகளையும் விடவில்லை என்பதைக் காட்ட அவற்றில் ஒன்றிரண்டு போதும். (இந்தியாவும் தப்பவில்லை: வெள்ளிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டதால்தான் 1917-இல் ஒரு ரூபாய்த் தாளும், 1918-இல் செம்பு-நிக்கல் இரண்டணாவும், 1919-இல் அதே கலவையில் நாலணா, எட்டணாக்களும் வந்தன.)

நான்காம் படி: நோட்கெல்ட்

சில்லறை முற்றிலும் வற்றியபோது நகராட்சிகளும் மாவட்டங்களும் தொழிற்சாலைகளும் தாமே காசு அடித்துக்கொண்டன. இவற்றை ஜெர்மன் மொழியில் நோட்கெல்ட், அதாவது நெருக்கடிப் பணம், என்பார்கள். காசில் ஊர்ப் பெயரோடு கிரீக்ஸ்கெல்ட் (போர்ப் பணம்) என்றோ, சில்லறைக்கு மாற்று என்னும் பொருள்படும் நீண்ட சொல்லோ இருக்கும். ஊர்கள் மிக அதிகம் என்பதால் எல்லாவற்றையும் சேர்க்க முனையாதீர்கள். ஒரு மாநிலத்தையோ ஓர் உலோகத்தையோ எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: போர் முடிந்தபின் பல ஊர்கள் புழக்கத்துக்காக அன்றி, சேகரிப்போருக்கு விற்கவே நெருக்கடிப் பணத்தை, குறிப்பாக வண்ணத் தாள்களை, வெளியிட்டன. எனவே அழகாக இருப்பதைவிட, புழங்கித் தேய்ந்த காசுக்கே நான் மதிப்புக் கொடுப்பேன்.

இந்த வரிசையில் தனி இடம் ஜெர்மனியின் மைசன் பீங்கான் ஆலை செய்த காசுகளுக்கு உண்டு. சாக்சனி அரசுக்காக 1921 ஆண்டிட்டு வந்த இவற்றில் பழுப்பு நிறமானவை, 18-ஆம் நூற்றாண்டில் ப்யோட்கர் என்ற ஜெர்மானியர் உருவாக்கிய செங்கல்நிறச் சுடுமண் வகையைச் சேர்ந்தவை. வாங்குமுன் ஆலையின் குறியான குறுக்கிட்ட இரு வாள்களைத் தேடுங்கள். பிறகு விளிம்பில் நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். லென்ஸுக்குத் தப்பும் உடைவு நகத்தில் தட்டுப்படும். மேசைமேல் மெத்தென்ற துணி விரிக்காமல் இவற்றைக் கையிலெடுக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: கழுவாதிருத்தல்

இதுதான் தொடக்கநிலையில் பலர் தவறும் இடம். வீட்டில் பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துப் பழகிய கை, அழுக்குக் காசைக் கண்டதும் சும்மா இராது. என் முதல் பெல்ஜியத் துத்தநாகக் காசை அப்படித்தான் புளியில் ஊறவைத்தேன். கால்மணி நேரத்தில் மேற்பரப்பு அரித்துச் சொரசொரப்பாகிவிட, சிங்கத்தின் பிடரி மறைந்து வெறும் கோடு மிஞ்சியது. துத்தநாகம் அமிலத்தில் கரையும் உலோகம். புளி, எலுமிச்சை, வினிகர் மூன்றுமே அதற்கு நஞ்சு. இரும்பைத் தண்ணீரில் நனைத்தால் துரு வளரும். எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் இருந்தால், காற்றோட்டமான இடத்தில், நெருப்புக்கு எட்டாமல் வைத்து, தூய அசிட்டோனில் சில நிமிடம் முக்கி உலரவிடலாம். தேய்க்கவே கூடாது.

ஆறாம் படி: காப்பும் குறிப்பும்

பிவிசி கலந்த மென்மையான பிளாஸ்டிக் உறைகள் நாளடைவில் அமிலம் கசிந்து காசைக் கெடுக்கும். பாலிப்ராப்பிலீன் அல்லது மைலார் உறைகளைக் கேட்டு வாங்குங்கள். கடலோர ஊர்களில் ஈரக்காற்று மிகுதி என்பதால், மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, பொட்டலத்தை அவ்வப்போது மாற்றுங்கள். துத்தநாகத்தின் மேல் வெண்பொடி படர்ந்த காசையும், இரும்பின் மேல் செந்துரு உதிரும் காசையும் மற்றவற்றோடு கலக்காமல் தனியே வையுங்கள்.

ஒவ்வொரு காசுக்கும் நாடு, மதிப்பு, ஆண்டு, நாணயச்சாலை எழுத்து, உலோகம், எடை, வாங்கிய நாள், கொடுத்த விலை ஆகியவற்றைத் தனித் துண்டுக் காகிதத்தில் பென்சிலால் எழுதி, எழுதி முடித்த பிறகே காசோடு சேர்த்து உறையில் இடுங்கள். காசு உள்ளே இருக்கும்போது உறையின்மேல் எழுதினால், பேனா முனையின் அழுத்தம் மெல்லிய அலுமினியத்தில் கோடாகப் பதிந்துவிடும்.